சும்மா வடியும் கண்ணீர்: தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் குடித்த ஒரு தையல்காரப் பெண்ணின் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 41 வயது. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கண்ணீர்ப் பாதை நோய்களை முக்கியமாக இருபது வருடமாகப் பார்த்துவரும் எனக்கு, இந்த ஒரு நோயாளி கற்றுக்கொடுத்தது அதிகம்.

முதல் முறை அவர் வந்தது மே மாதம், சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு. அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டத்தில் நின்றுவிட்டு வந்தவர்களின் சிவந்த கண்களைத்தான் அந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூசி, வெயில், பீய்ச்சிய தண்ணீர். இவருக்கும் இரண்டு கண்ணிலும் நீர் வடிந்தது, வலதில் கொஞ்சம் அதிகம். லேசான சிவப்பு. ஒவ்வாமை என்று முடிவுகட்டிச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தேன். வரிசையில் அன்று எழுபது பேர் நின்றார்கள் என்பது காரணம். சாக்காக அதைச் சொல்ல முடியாது.

ஆகஸ்டில் திரும்பி வந்தார்.

"அந்தச் சொட்டு விட்டும் நிக்கல டாக்டரம்மா. அழவே இல்ல, சும்மாவே வடியுது. எங்க மாமியார், நான் நோயை நினைச்சு அழுவுறேன்னு அவுகளும் சேர்ந்து அழுகுறாக."

"என்ன நோயைம்மா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் முந்தானையை விலக்கிக் காட்டினார். கழுத்தின் கீழ் மடிப்பில், தாலிக்கயிற்றின் மஞ்சளுக்கு அடியில், ஒரு காதிலிருந்து மறு காதுப் பக்கமாக வளைந்து போகும் மெல்லிய தழும்பு. ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் தாடையை வைத்துவிட்டால் நோயாளியின் கண் எனக்கு மலை போலத் தெரியும், கழுத்து மறைந்துவிடும். மே மாதம் அந்தத் தழும்பு எனக்கு முன்னால்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

பழைய கதை

ஜவுளிக்கடைக் கட்டைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேஜையில் பரப்பினோம். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் தைராய்டு சுரப்பி முழுவதையும், கழுத்தின் ஒரு பக்க நெறிக்கட்டுகளையும் அகற்றியிருக்கிறார்கள். பாப்பில்லரி வகைப் புற்றுநோய், கட்டி 3.2 சென்டிமீட்டர், நெறிக்கட்டுகளுக்கும் பரவியிருந்தது. அக்டோபரில் கதிரியக்க அயோடின், அதாவது அயோடின்-131, 150 மில்லிக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அதற்கு முன்பு நான்கு வாரம் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை நிறுத்தி, அயோடின் சேர்க்காத உப்பில் சமைத்து, கடல் மீனும் முட்டையும் பாலும் தவிர்த்திருக்கிறார். அந்த நான்கு வாரமும் முகம் உப்பி, உடம்பு அசந்து, மிஷின் மேலேயே தலை சாய்ந்து தூங்கியதாகச் சொன்னார். கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல் இருந்ததும் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கண்ணின் ஈரப்படலமும் கெடும். அவர் சொன்னது அதோடு ஒத்துப்போகிறது.

அயோடின் வார்டில் கொடுத்த அறிவுரைத் தாளையும் பத்திரமாக வைத்திருந்தார். நிறையத் தண்ணீர் குடிக்கவும். ஒரு நாள் கழித்துப் புளிப்பு மிட்டாய் அல்லது எலுமிச்சை சப்பவும், இல்லாவிட்டால் எச்சில் சுரப்பி காயும். கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றவும். குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளி இருக்கவும். ஒவ்வொன்றும் சரியான அறிவுரை, தமிழில் தெளிவாக எழுதியிருந்தது. கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை எழுதியவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த வரியைக் கண் மருத்துவர்களான நாங்கள் யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

நீர் வடியத் தொடங்கியது மார்ச் கடைசியில். அயோடின் குடித்து ஐந்தரை மாதம். வேலையில்தான் முதலில் அடி விழுந்தது. பட்டு ப்ளவுஸில் எம்மிங் பண்ணக் குனியும்போது ஒரு சொட்டு விழுந்தால் வட்டமாகக் கறை நின்றுவிடும். ஒரு கல்யாணப் பெண்ணின் ப்ளவுஸுக்குப் புதுத் துணி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு பட்டுத் துணியை வாங்குவதில்லை, காட்டன் லைனிங்கும் சேலைக்குப் பால்ஸ் வைப்பதும் மட்டும். வருமானம் பாதியானது. புற்றுநோயைக்கூட எதிர்பார்த்துத் தயாராக இருந்தவர் இதை எதிர்பார்க்கவில்லை.

பரிசோதனை

பார்வை இரண்டு கண்ணிலும் 6/6, குறையில்லை. கீழிமை ஓரத்தில் கண்ணீர் தேங்கி நின்றது, வலதில் உயரமாக. மஞ்சள் சாயம் ஒரு துளி விட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், வலது கண்ணில் சாயம் அப்படியே இருந்தது. இடதில் பாதி வடிந்திருந்தது. வலது மூக்கோரம், கண்ணீர்ப் பை இருக்கும் இடத்தை விரலால் அழுத்தினேன். இமையோரத்தில் கண்ணீர் இறங்கும் இரண்டு துளைகளில் கீழ்த் துளை வழியாகச் சளி போல ஒரு நூல் வெளியே வந்தது.

பிறகு தண்ணீர் விட்டுப் பார்த்தோம். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோருக்கும் செய்யும் அதே 'டக்ட்' சோதனை. ஐந்து நிமிட வேலை. வலது கீழ்த் துளையில் விட்டது முழுவதும் மேல் துளை வழியாகத் திரும்பி வந்தது. இடது பக்கம் பாதி திரும்பியது, மீதி இறங்கியது. "தொண்டையில உப்புக் கரிக்குது" என்றார். அந்த உப்புக் கரிப்பைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி. இடது பாதை குறுகியிருக்கிறது, மூடவில்லை.

வடிகிற கண்தான், ஆனாலும் வறண்டிருந்தது. ஈரப்படலம் ஐந்து நொடியில் உடைந்தது. இது முரண்பாடாகத் தெரியும். தரமில்லாத கண்ணீர் கண்ணைப் பாதுகாக்காது, வழி அடைத்திருந்தால் அது போகவும் செய்யாது.

அயோடின் கண்ணீர்ப் பைக்கு எப்படிப் போகிறது

தைராய்டு செல்கள் இரத்தத்திலிருந்து அயோடினை இழுத்துக்கொள்ள ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது: சோடியம்-அயோடைடு சிம்போர்ட்டர். அதன் மரபணு 1996-ல் பிரித்தறியப்பட்டது. கதிர் அயோடின் சிகிச்சையே இந்தப் புரதத்தை நம்பித்தான் நடக்கிறது. மீந்திருக்கும் தைராய்டு செல்லும் புற்றுநோய் செல்லும் அயோடினைத் தானாக விழுங்கி, உள்ளிருந்தே அழியும். ஆனால் அந்தப் புரதம் தைராய்டோடு நிற்பதில்லை. எச்சில் சுரப்பியில் இருக்கிறது, இரைப்பையில் இருக்கிறது, மார்பகத்தில் பால் சுரக்கும்போது இருக்கிறது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணீர்ப் பையின் உட்சுவரிலும் அங்கிருந்து மூக்குக்கு இறங்கும் குழாயின் உட்சுவரிலும் அதைக் காட்டியது. கண்ணீர்ச் சுரப்பியிலோ கண் வெண்படலத்திலோ அந்த ஆய்வில் அது தென்படவில்லை. ஆக, அடி விழுவது வடிகாலில்.

இதோடு, அயோடின் கண்ணீரிலும் கலந்து வருகிறது. அந்தக் கண்ணீர் மொத்தமும் போகும் வழி, சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பையும் அதைவிடக் கொஞ்சம் நீண்ட ஒரு குழாயும்தான். சுவர் அயோடினை உள்ளே இழுக்கிறது, உள்ளே ஓடும் நீரிலும் அயோடின். சுவர் வீங்கி, தோல் உரிந்து, ஆறும்போது தழும்பாகி ஒட்டிக்கொள்கிறது. அயோடின்-131-ன் அரை ஆயுள் எட்டு நாள், பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். ஆனால் தழும்பு மாதக்கணக்கில் இறுகும். அதனால்தான் நோயாளியும் மருத்துவரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. ஐப்பசியில் குடித்த மருந்துக்குப் பங்குனியில் கண் வடிந்தால் யார் சந்தேகப்படுவார்?

2002-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதைத்தான் சொன்னது. அயோடின் குடித்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குள்தான் இந்த அடைப்பு. அதிக அளவு குடித்தவர்களுக்குத்தான் பெரும்பாலும். தொடங்குவது ஆறு மாதத்தை ஒட்டி. சரியான காரணம் கண்டுபிடிக்கப்படுவது அதற்கு வெகுகாலம் பின்னால். என் நோயாளி ஐந்து மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். அதையும் நான் முதல் நாளே செய்திருக்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் ஓ.பி.யில் தினமும் கேட்கிறார்கள். தைராய்டு என்றதும் கண் பிதுங்குவதுதான் எல்லோருக்கும் நினைவு வரும். அது கிரேவ்ஸ் நோய், சுரப்பி அதிகமாக வேலை செய்வது. அந்த நோயில் கதிர் அயோடின் கொடுத்தால் பிதுக்கம் மோசமாகலாம். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதனால் தேவைப்படுபவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையோடு கொடுப்பார்கள். புற்றுநோய்க்காக அயோடின் குடிப்பவரின் பிரச்சினை வேறு, தடுக்கும் வழியும் வேறு. தைராய்டு புற்றுநோயிலேயே மெடுல்லரி என்ற வேறொரு வகைக்கு அயோடினே பயன்படாது. அதற்குக் கொடுக்கும் வான்டெட்டனிப் மாத்திரை கருவிழியில் படிவுகளை உண்டாக்கக்கூடும். அது தனிக் கதை.

செய்தது

வலது பக்கம் மூடிவிட்டது. அதற்குச் சொட்டு மருந்து கிடையாது. செப்டம்பரில் கண்ணீர்ப் பையிலிருந்து நேராக மூக்குக்குள் புதுவழி திறந்தோம், உள்ளே சிலிக்கான் குழாய் வைத்தோம். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டியும், வடிகால் அடைத்தவர்களுக்கு அறுவை சிகிச்சையை யோசிக்கச் சொல்கிறது. இடது பக்கத்துக்கு அது தேவைப்படவில்லை. குறுகிய பாதையை மெல்ல விரித்து, அதிலும் ஒரு சிலிக்கான் குழாயை மட்டும் போட்டோம். நூல் போல மெல்லிய குழாய், வெளியே பார்த்தால் தெரியாது.

அக்டோபரில் அவருடைய தைரோகுளோபுலின் ஏறியது; தைராய்டு செல்லோ அதன் புற்றுநோயோ மீந்திருப்பதைக் காட்டும் இரத்தப் புரதம் அது. ஸ்கேனில் மறுபக்கக் கழுத்தில் சிறு நெறிக்கட்டுகள். அவற்றை அகற்றி, மறுபடியும் அயோடின் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. இந்த முறை 100 மில்லிக்யூரி.

இந்த நிகழ்வை எழுதவே காரணம் இந்த இரண்டாவது அயோடின்தான். முதல் முறை யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது முறை எங்களுக்கு நாள் தெரியும், அளவு தெரியும், எந்தக் கண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில், கதிர் அயோடின் கொடுக்கும் அணு மருத்துவரோடு பேசினேன். அளவைக் குறைக்கச் சொல்லவில்லை. புற்றுநோய்க்கு வேண்டியதைப் புற்றுநோய்தான் தீர்மானிக்க வேண்டும். நான் கேட்டது வேறு. எங்கள் அறுவை சிகிச்சையில் தோலையும் மூக்கையும் கண்ணையும் போவிடோன்-அயோடின் கரைசலால்தான் சுத்தம் செய்கிறோம். அந்த அயோடின் உடம்பில் கலந்து, கதிர் அயோடின் போய்ச் சேர வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளுமா? சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்திலும் அயோடின்தான். அதனால் இடைவெளி போதுமா என்று இருவரும் நாள் எண்ணினோம்: செப்டம்பர் அறுவை, ஜனவரி கடைசியில் அயோடின். போதும் என்றார். நடுவில் சாயம் ஏற்றும் ஸ்கேன் எதுவும் கண்ணுக்காக எடுக்கவில்லை. கண் மருத்துவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நல்லது செய்வதாக நினைத்து அவசரமாக ஆபரேஷன் பண்ணினால், புற்றுநோய் சிகிச்சைக்கே இடைஞ்சலாகிவிடும்.

இடது பக்கச் சிலிக்கான் குழாயை மூன்று மாதத்தில் எடுத்திருப்பேன். எடுக்கவில்லை. அயோடின் முடிந்து சுவர் ஆறும்வரை பாதை ஒட்டாமல் அது தாங்கி நிற்கட்டும் என்று விட்டேன். வலது பக்கப் பழைய பையில் தேங்கி நின்ற சளியும் இப்போது இல்லை. தேங்கிய பை கதிர் அயோடினையும் தேக்கிவைத்துக்கொள்ளும், ஸ்கேனில் கண்ணோரம் புள்ளியாகத் தெரிந்து மருத்துவரைக் குழப்பவும் செய்யும்.

அயோடினுக்கு ஆறு வாரம் முன்பிருந்தே வறட்சிக்கு மருத்துவம். இமையோரத்துக்கு வெந்நீர் ஒத்தடம், கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் கலக்காத செயற்கைக் கண்ணீர் நாளுக்கு ஆறு முறை. தைராக்சினை நிறுத்திய வாரங்களில் எட்டு முறை. இந்த முறை மண் உறுத்தல் வரவில்லை என்றார்.

வார்டுக்குப் போகும்போது ஒரு தாள் கொடுத்தேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொருமுறை இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு. ஒருநாள் குப்பிகள் என்பதால் மீதியை வைத்திருக்க வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரம் இரண்டு மணிக்கொருமுறை. சொட்டு விடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். வழிகிற கண்ணீரை முந்தானையில் துடைக்கக் கூடாது, டிஷ்யூ பேப்பரில் ஒற்றி வார்டில் கொடுத்த தனிப் பையில் போட வேண்டும், அதிலும் கதிர் இருக்கும். இவர் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் அல்ல. போடுபவராக இருந்தால் அந்த நாட்களில் வேண்டாம் என்றிருப்பேன்.

"மணிக்கொருக்கா மறக்காம எப்படி டாக்டரம்மா?" என்று கேட்டார். போனில் அலாரம் வைத்துக்கொடுத்தது அவருடைய பன்னிரண்டாவது படிக்கும் மகள். தனியறையில் யாரும் இல்லாமல் இருக்கும்போது அந்த அலாரம்தான் பேச்சுத் துணையாக இருந்ததாம்.

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். செயற்கைக் கண்ணீர் இந்த அடைப்பைத் தடுக்கும் என்று உறுதியாக நிரூபித்த பெரிய ஆய்வு இல்லை. கண்ணீரில் வரும் அயோடினை நீர்க்கச் செய்து கழுவி இறக்கும் என்பது எங்கள் தர்க்கம். விலை குறைவு, தீங்கு கிடையாது, வறட்சிக்கு எப்படியும் தேவை. அதனால் கொடுக்கிறேன். சுவர் தானாக இழுத்துக்கொள்ளும் அயோடினைச் சொட்டு மருந்து ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் அவரிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

அளவைப் பற்றிய கேள்வி

எல்லாவற்றையும்விடப் பெரிய தடுப்பு, தேவையில்லாத அயோடினைத் தவிர்ப்பது. என் நோயாளிக்கு அது தேவைப்பட்டது. எல்லோருக்கும் தேவைப்படாது. 2012-ல் பிரிட்டனிலும் பிரான்சிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள், ஆபத்துக் குறைந்த நோயாளிகளுக்கு மீந்த தைராய்டை அழிக்க 100 மில்லிக்யூரி செய்யும் வேலையை 30 மில்லிக்யூரியே செய்கிறது என்று காட்டின. 2022-ல் வந்த பிரெஞ்சு ஆய்வு இன்னும் ஒரு படி போனது: அப்படிப்பட்டவர்களுக்கு அயோடினே கொடுக்காமல் கண்காணித்தாலும் முதல் மூன்று ஆண்டு முடிவு மோசமாகவில்லை. சிறிய கட்டி, பரவல் இல்லை என்று அறிக்கை வந்தவர்கள் தங்கள் மருத்துவரிடம், "எனக்கு அயோடின் அவசியமா, எவ்வளவு?" என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்காமல் விடுவதும் கூடாது, தேவைப்படும் அயோடினைக் கண்ணுக்குப் பயந்து மறுப்பதும் கூடாது. அடைத்த வடிகாலை நான் திறந்துவிட முடியும்.

1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்து கண்ணைக் காட்டிப் போவது இங்கே மூன்று தலைமுறைப் பழக்கம். கண் மருத்துவருக்குப் பஞ்சமில்லாத ஊரிலும் இது விட்டுப்போனதற்குக் காரணம், அயோடின் கொடுப்பவர் கண்ணைப் பார்ப்பதில்லை, கண் பார்ப்பவர் கழுத்தைப் பார்ப்பதில்லை. இப்போது எங்கள் ஓ.பி. சீட்டில் கண் வடிகிறது என்று வருபவர்களிடம் கேட்க ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: கழுத்தில் ஆபரேஷன் நடந்ததா, அயோடின் குடித்தீர்களா? அணு மருத்துவரும் தன் தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதம் கண் வடிந்தால் உடனே காட்டவும் என்று. பாதி திறந்திருக்கும்போது வந்தால் குழாய் போதும். முழுக்க மூடிய பிறகு வந்தால் எலும்பைத் துளைக்க வேண்டியிருக்கும்.

தொடர் கண்காணிப்பு

வலது சிலிக்கான் குழாயை மார்ச்சில் எடுத்தோம். இடதை ஜூலையில், அயோடின் முடிந்து ஆறு மாதம் ஆனபின். ஒவ்வொரு வருகையிலும் டக்ட் பார்த்தேன். அயோடினுக்குப் பின் பதினாறாம் மாதம், கடைசியாகப் பார்த்தபோது, இரண்டு பக்கமும் தண்ணீர் தடையில்லாமல் இறங்கியது. ஈரப்படலம் எட்டு நொடி நிற்கிறது. செயற்கைக் கண்ணீர் நாளுக்கு நான்கு முறை தொடர்கிறது. தைரோகுளோபுலின் இறங்கிவிட்டது. குழாய் காப்பாற்றியதா, சொட்டு காப்பாற்றியதா, குறைந்த அளவு காப்பாற்றியதா என்று ஒரு நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

பட்டு ப்ளவுஸ் மறுபடி தைக்கிறார். காதுகுத்து வீட்டுக்கான ஒன்றைப் பையில் கொண்டுவந்திருந்தார். கைப்பகுதியில் எம்மிங் பாதியில் நின்றது, பஸ்ஸில் முடிப்பதற்காக.

கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டார்: "டாக்டரம்மா, வார்டுல எனக்கு அடுத்த ரூம்ல வாடிப்பட்டி அக்கா ஒருத்தவுக இருந்தாக. இப்ப அவுகளுக்கு ஒரு கண்ணு வடியுதாம். வரச் சொல்லவா?"

அந்த அக்கா செவ்வாய்க்கிழமை வந்தார். வடியத் தொடங்கி மூன்று வாரம். தண்ணீர் விட்டேன். பாதி திரும்பியது. பாதி தொண்டைக்கு இறங்கியது.